கூகுளில் தட்டியது அரசாங்கத்துக்குத் தெரியுமா? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி காந்தி நகரில் 2003-லிருந்து கடை வைத்திருக்கிறேன். அப்போது பிரௌசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு 20 ரூபாய், சனி ஞாயிறு என்றால் வாசலில் பெஞ்ச் போட்டு உட்கார வைக்கிற கூட்டம். இப்போது இரண்டே கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், லேமினேஷன், வருமானச் சான்றிதழ், பட்டா, ரயில் டிக்கெட். கூட்டம் குறைந்தாலும் கேள்வி குறையவில்லை. பிரிண்ட் வரும் வரை நிற்கிறவர்கள் சுற்றும் முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை. கேஸ் என்று வந்துவிட்டால் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் போய் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

நான் கூகுளில் தேடுவதை அரசாங்கம் பார்க்க முடியுமா?

டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கேட்டு வாங்க முடியும். உங்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் போகிற தகவல் பூட்டிப் போகிறது. முகவரியில் எச்டிடிபிஎஸ் என்று முன்னால் வருகிறதே, அதுதான் அந்தப் பூட்டு. அதனால் நடுவழியில் இருப்பவர்களுக்கு நீங்கள் கூகுளுக்குப் போனீர்கள் என்பது வரை தெரியும், அங்கே என்ன தட்டினீர்கள் என்பது தெரியாது. தட்டியது கூகுளிடம் இருக்கும், அப்புறம் உங்கள் போனில் இருக்கும். வேண்டுமென்றால் இந்த இரண்டு கதவில் ஒன்றைத்தான் தட்ட வேண்டும்.

சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. விசாரணைக்குத் தேவை என்றால் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியே எழுத்து மூலமாகக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்குப் பிறகு புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 94-வது பிரிவு. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளின்படி, அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு எழுத்தில் உத்தரவு கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் தகவல் தர வேண்டும். இதற்கு மேல் ஐடி சட்டத்தின் 69-வது பிரிவு ஒன்று இருக்கிறது, அது பெரிய சாவி. ஒட்டுக்கேட்கலாம், கண்காணிக்கலாம், பூட்டைத் திறந்து கொடு என்றும் சொல்லலாம். கையெழுத்துப் போடுகிறவர் மத்திய உள்துறைச் செயலாளர் அல்லது மாநில உள்துறைச் செயலாளர். 2018 டிசம்பரில் பத்து மத்திய அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று அறிவிப்பே வந்தது. ஒத்துழைக்காதவருக்கு 7 வருஷம் வரை சிறை.

இதில் எங்கேயும் நீதிபதி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதிகாரி கேட்கிறார், அதைவிடப் பெரிய அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிற மறுஆய்வுக் குழு பிறகு பார்க்கிறது. எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை.

இன்காக்னிட்டோ போட்டுத்தான் பார்க்கிறேன், அப்படியுமா?

பார்த்ததைப் போனில் பதிந்து வைக்காத பிரௌசர் முறை அது. உங்கள் வீட்டில் அடுத்து அந்தப் போனை எடுக்கிறவருக்குத் தெரியாமல் இருக்க மட்டும்தான். போன வெப்சைட்டுக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் இன்காக்னிட்டோவும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். அமெரிக்காவில் 2020-ல் இதைப் பற்றியே கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம் ஆனபோது, இன்காக்னிட்டோவில் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கிறோம் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. அழிக்க இருந்தது என்றால் முதலில் சேர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அமெரிக்க அரசாங்கமே கூகுளிடம் எல்லோருடைய தேடலையும் கேட்டதாமே, உண்மையா?

உண்மை. இருபது வருஷத்துக் கதை, ஆனால் இன்றைக்கும் இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் புரியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1998-ல் அமெரிக்காவில் கோப்பா என்று ஒரு சட்டம் வந்தது. சிறுவர்களுக்குக் கெடுதலானதை வியாபார நோக்கில் இணையத்தில் போடுகிறவர், பார்ப்பவர் வயது வந்தவர்தானா என்று சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 50,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில். சட்டம் கையெழுத்தானதே தவிர ஒருநாளும் அமலுக்கு வரவில்லை. பேச்சுரிமைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடையை நீட்டித்துவிட்டுக் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: வீட்டிலேயே வடிகட்டி மென்பொருள் போட்டுக்கொண்டால் போதுமே, அதற்கு எதற்கு எழுதுகிறவனை ஜெயிலில் போடுகிற சட்டம்?

சரி, வடிகட்டி உருப்படியாக வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அதற்குக் கணக்கு வேண்டும், கணக்குக்குத் தரவு வேண்டும். 2005-ல் கூகுள், யாகூ, எம்எஸ்என், ஏஓஎல் நான்கு பேருக்கும் சம்மன் போனது. கூகுளிடம் முதலில் கேட்டதைப் பாருங்கள்: தேடிக் காட்டுவதற்காக நீ சேர்த்து வைத்திருக்கும் அட்டவணையில் உள்ள எல்லா வலை முகவரிகளும், இரண்டு மாதத்தில் ஜனங்கள் தட்டிய எல்லாத் தேடல்களும். குற்றவாளி என்று யாரும் இல்லை, சந்தேகம் என்று ஒரு பெயரும் இல்லை. ஒரு வழக்கில் வாதாட ஆதாரம் வேண்டும், அதற்காக ஊரையே கேட்டார்கள்.

மற்ற மூன்று பேரும் பெயர் விவரம் இல்லாமல் ஏதோ ஒரு அளவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூகுள் மறுத்தது. அரசாங்கம் இறங்கி வந்தது, பத்து லட்சம் முகவரியும் ஒரு வாரத் தேடலும் என்றது. 2006 ஜனவரியில் கலிபோர்னியா கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 50,000 முகவரி, 5,000 தேடல் என்று நின்றது. நம்ம ஊர் லாங் பஜாரில் பேரம் பேசுவது போலத்தான். 2006 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் வேர் தீர்ப்புச் சொன்னார்: 50,000 முகவரியைக் கொடு, தேடல் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தரவையெல்லாம் வைத்துச் செய்த ஆய்வில் கூகுளும் எம்எஸ்என்னும் அட்டவணை போட்ட பக்கங்களில் சுமார் 1 சதவீதம்தான் அப்பட்டமான ஆபாசம் என்று வந்தது. 2007-ல் பிலடெல்பியா நீதிபதி கோப்பா செல்லாது என்றார், 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்கவே மறுத்தது. பத்து வருஷம் கேஸ் நடந்து, சட்டம் ஒருநாளும் உயிரோடு இல்லாமலே செத்தது.

பேர் இல்லாமல் கொடுத்தால் என்ன நஷ்டம்?

இதற்கு 2006 ஆகஸ்டிலேயே பதில் கிடைத்தது. ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பேருடைய இரண்டு கோடித் தேடல்களைப் பெயரை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு எண் போட்டு, இணையத்தில் வைத்தது. சில நாளில் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த 62 வயது அம்மாவின் வீட்டுக் கதவையே போய்த் தட்டிவிட்டார்கள். அவர் ஊர்ப் பெயர், குடும்பப் பெயர், நாய், உடம்பு உபாதை என்று தேடியிருந்தார், அவ்வளவுதான்.

நம்பிக்கை வராதவர்கள் இதைப் பாருங்கள். கற்பனையான ஆள், எண் மட்டும்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "விருதம்பட்டு சிங்கிள் பெட்ரூம் வாடகை", "சுகர் 280 என்ன சாப்பிடலாம்", "ஆரணி பட்டு மொத்த விலை", "மகன் பேசுவதில்லை என்ன செய்வது", "குடியாத்தம் பஸ் கடைசி எத்தனை மணி", "ஜாமீன் போட்ட கடன் கட்டாவிட்டால்". ஆறே வரி. விருதம்பட்டில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் ஆளைச் சொல்லிவிடுவார்கள். கடைசி இரண்டு வருஷத்தில் நீங்கள் தேடியதை நினைத்துப் பாருங்கள், பெண்டாட்டியிடம் சொல்லாததும் அதில் இருக்கும், டாக்டரிடம் சொல்லாததும் இருக்கும்.

தேடியதை வைத்து ஆளைப் பிடித்த கேஸ் இருக்கிறதா?

இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் டென்வரில் ஒரு வீட்டுக்கு யாரோ தீ வைத்து ஐந்து பேர் இறந்தார்கள். துப்பு எதுவும் கிடைக்காமல், "தீப்பிடிப்பதற்கு முந்திய பதினைந்து நாளில் இந்த வீட்டு விலாசத்தைத் தேடியவர்கள் யார்" என்று வாரண்ட் வாங்கிக் கூகுளிடம் கேட்டார்கள். அதில்தான் ஆட்கள் மாட்டினார்கள். 2023-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்த ஆதாரம் செல்லும் என்றது, ஆனால் தேடல் வரலாறு ஒருவரின் அந்தரங்கம், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றும் சேர்த்தே சொன்னது. ஐந்து உயிர் போன கேஸ், பிடிக்கத்தான் வேண்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி தலைகீழாகிவிட்டதைப் பாருங்கள். வழக்கமாக ஒரு ஆளைச் சந்தேகப்பட்டு அவர் என்ன செய்தார் என்று கேட்பார்கள். இங்கே ஒரு வார்த்தையைக் கொடுத்து ஆட்களைக் கேட்கிறார்கள்.

உங்கள் கடையில் போலீஸ் வந்து கேட்டதுண்டா?

உண்டு. முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011-ல் சைபர் கஃபே விதிகள் என்று மத்திய அரசு போட்டது. வருகிறவரிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும், பெயர், விலாசம், போன், எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் எல்லாம் எழுத வேண்டும், ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், எந்த எந்த வெப்சைட் போனார்கள் என்ற பதிவையும் ஒரு வருஷம். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆபாசத் தளம் பார்க்கக் கூடாது என்று போர்டு மாட்ட வேண்டும். தடுப்பை அறுக்க ஆசாரிக்குக் கொடுத்த காசு இன்னும் மனசில் இருக்கிறது. அறுத்த மறுநாளே கடைசி மூலை சீட்டுக்கு இருந்த கிராக்கி போய்விட்டது.

நோட்டு என்றால் காலிகோ அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, நூல் கட்டிய பேனா. அதில் யாரெல்லாம் இருந்தார்கள்? விஐடியில் படிக்கிற பெண்பிள்ளைகள், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற வங்காளத்துக்காரர்கள், வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிற பையன்கள். பெயரும் போன் நம்பரும் விலாசமும் வரிசையாக.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், ஒரு ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். யாருக்கோ மிரட்டல் மெயில் போயிருக்கிறது, ஐபி முகவரி என் கடையைக் காட்டுகிறது, தேதி தெரியும், மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் என்பதும் தெரியும். "நோட்டைக் குடு, பாத்துட்டுத் தரேன்" என்றார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "சார், இங்கேயே உட்கார்ந்து பாருங்க. உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தானே, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் போட்டுத் தரேன். நோட்டு முழுசா வேணும்னா ஒரு லெட்டர் குடுத்துடுங்க." அவருக்குக் கோபம் வந்தது. என்னடா பெரிய இவனா என்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், மறைக்க என்ன இருக்கிறது. மறுநாள் லெட்டரோடு வந்தார். அந்த லெட்டரில் கேட்டிருந்தது என்ன தெரியுமா, குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட நேரம், அந்தப் பதிவு மட்டும்! எழுத்தில் கேட்க உட்கார்ந்தவுடன் அவர்களுக்கே தேவை ஒரு பக்கமாகச் சுருங்கிவிட்டது. ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு ரூபாய் நானும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

பெரியவர்கள் ஆபாசப் படம் பார்ப்பது குற்றமா?

இதைக் கேட்க நெளிகிறவர்கள்தான் அதிகம், அதனால் நேராகச் சொல்கிறேன். வயது வந்த ஒருவர், வயது வந்தவர்கள் நடித்ததைத் தனியாகத் தன் அறையில் பார்ப்பது இந்தியச் சட்டத்தில் குற்றம் என்று எழுதப்படவில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த எச்.எல். தத்து, நான்கு சுவருக்குள் பார்ப்பதை எப்படித் தடுப்பது என்கிற பொருளில் கேட்டார். 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும் தனியாகப் பார்ப்பது குற்றமில்லை என்றது.

ஆனால் பரப்பினால் குற்றம். ஐடி சட்டம் 67-வது பிரிவில் முதல் தடவைக்கு 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். அப்பட்டமான பாலியல் காட்சி என்றால் 67ஏ, 5 வருஷம், 10 லட்சம். வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வேர்டு செய்வதும் பரப்புவதுதான். "நான் எடுக்கலயே, வந்ததத்தானே அனுப்பினேன்" என்று சொல்கிறவர்களுக்கு இது.

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால்?

அதில் எந்தச் சலுகையும் இல்லை. 67பி பிரிவில் தேடுவது, பார்ப்பது, டவுன்லோடு செய்வது என்று வார்த்தை வார்த்தையாக எழுதியிருக்கிறது. போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவில், பகிரும் நோக்கத்தோடு அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருந்தாலே குற்றம். நம் தமிழ்நாட்டிலிருந்து போன கேஸ்தான் இதில் முக்கியமானது. அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், வெறுமனே டவுன்லோடு செய்து பார்த்தது குற்றமாகாது என்று ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதோடு, இதை 'சைல்டு போர்னோகிராஃபி' என்றே சொல்லாதீர்கள், குழந்தையைச் சுரண்டிய, கொடுமை செய்த பதிவு என்று சொல்லுங்கள் என்றது. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. அது படம் இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் சாட்சி.

இந்த விஷயத்தில் அரசாங்கம் கேட்டுத்தான் தகவல் வர வேண்டும் என்பதில்லை. அமெரிக்க நிறுவனங்கள் கண்ணில் பட்டால் அங்கே குழந்தைகள் பாதுகாப்புக்காக இருக்கிற என்சிஎம்இசி மையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அந்த மையத்தோடு நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019-ல் ஒப்பந்தம் போட்டது, அங்கிருந்து தகவல் மாநில போலீஸுக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் பல தளங்கள் ஏன் திறப்பதில்லை?

2013-ல் இந்தூர் வக்கீல் ஒருவர் எல்லா ஆபாசத் தளங்களையும் தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2015 ஜூலை 31-ல் தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களைத் தடுக்கச் சொன்னது. பட்டியலில் நகைச்சுவைத் தளங்களும் இருந்தன. ஊரே சத்தம் போட, சில நாளிலேயே, குழந்தைகள் சம்பந்தப்பட்டதை மட்டும் தடுத்தால் போதும் என்று பின்வாங்கினார்கள். பிறகு 2018 செப்டம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அந்தப் பழைய உத்தரவை அமல்படுத்தச் சொன்னது. 857-ஐப் பார்த்ததில் 30-ல் அப்படி எதுவும் இல்லையாம், மிச்சம் 827-ஐ அடைத்தார்கள். இன்றைக்கும் திறக்காமல் இருப்பது பெரும்பாலும் அந்தக் கணக்குதான். 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்கள், 2025 ஜூலையில் 25 ஆப்கள் தனியாக அடைபட்டன.

பலன்? தடுத்த தளம் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் வந்துவிடுகிறது. பாலாற்றில் எவ்வளவு மணல் போட்டு அடைத்தாலும் தண்ணீர் வருகிற வருஷம் அது பாட்டுக்கு வழி பார்த்துப் போகிற மாதிரி. என் கவலை வேறு. 69ஏ பிரிவில் தளத்தைத் தடுக்கும் உத்தரவுகளை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2009 விதிகளில் 16-வது விதி சொல்கிறது. எதைத் தடுத்தார்கள், ஏன் தடுத்தார்கள் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டால், ஆபாசம் என்ற பெயரில் வேறு எதையாவது சேர்த்து அடைத்தாலும் கேட்க ஆள் இருக்காது.

விபிஎன் போட்டால் தப்பிக்கலாமா?

விபிஎன் என்றால் உங்கள் நெட்டை இன்னொரு கம்பெனி வழியாகச் சுற்றிவிடுவது. நெட் கம்பெனிக்குத் தெரியாமல் போகும், விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். இலவச விபிஎன் என்றால் கிட்டவே போகாதீர்கள். இலவசமாக உங்களைச் சுமக்க அவனுக்கு என்ன வேண்டுதலா?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'போலீஸ்' என்று திரை முழுக்க வந்து, அபராதம் கட்டு என்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். மோசடி. போன வருஷம் குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் லேப்டாப்பை மூடாமலே துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மூடினால் கைது செய்துவிடுவார்கள் என்று திரையில் போட்டிருந்ததாம்! அசோகச் சின்னம், சட்டப் பிரிவு, ஆறு மணி நேரத்தில் 29,000 ரூபாய், கார்டு நம்பர் போடக் கட்டம். "தம்பி, பையன் வரதுக்குள்ள கட்டிடணும், நீயே கட்டிக் குடு" என்று கையைப் பிடித்துக்கொண்டார், கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் எஃப்11 அழுத்தினேன், முழுத்திரை போய் மேலே முகவரி தெரிந்தது, ஏதோ வாயில் நுழையாத பெயர். தாவலை மூடினேன், அவ்வளவுதான். அப்படியும் மூடவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி பிரௌசரை நிறுத்துங்கள். போன் என்றால் பிரௌசர் ஆப்பை நிறுத்திவிட்டு அதன் தரவை அழித்தால் போதும். பிரௌசர் திரையில் அபராதம் வசூலிக்கிற போலீஸ் இந்தியாவில் இல்லை. வீடியோ காலில் கைது செய்கிற போலீஸும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வயதைச் சரிபார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று இங்கேயும் சட்டம் வந்தால் நல்லதுதானே?

வெளிநாட்டில் வந்துவிட்டது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதை உறுதி செய்ய வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் அதேபோன்ற சட்டத்தை 2025 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று சரி என்றது. 2004-ல் கோப்பாவைத் தடுத்த அதே நீதிமன்றம்தான், காலம் மாறிவிட்டது. இந்தியாவில் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது, ஆனால் அரசாங்க அமைப்புகளுக்கு அதே சட்டம் தாராளமாக விலக்கும் கொடுக்கிறது.

எட்டாவது படிக்கிற பையன் கையில் இதெல்லாம் கிடைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் யார் யார் எந்த ஐடி கொடுத்து எந்தத் தளத்துக்குள் போனார்கள் என்று ஒரு பட்டியல் எங்கேயாவது சேர்ந்தால் அது ஒருநாள் வெளியே வரும். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டை ஆப் நிறுவனம், வயது தொடர்பான முறையீட்டுக்காகக் கொடுத்த சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அதுவே சொன்னது. வயதை மட்டும் 'ஆம், இல்லை' என்று சொல்லிவிட்டு ஆள் யார் என்று சொல்லாத முறை இருந்தால் பேசலாம். ஆதாரைக் கொடு என்றால் நான் ஜெராக்ஸ்கூடப் போட்டுத் தரமாட்டேன்.

பிள்ளைகள் போனுக்கு என்ன செய்வது?

கூகுளில் ஆபாச முடிவுகளை மறைக்கிற சேஃப்சர்ச் போடுங்கள். பிள்ளைகள் போனைப் பெற்றோர் கவனித்துக்கொள்ள உதவும் ஃபேமிலி லிங்க் ஆப் போடுங்கள். வீட்டு வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் என்கிற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது, காசு கிடையாது. கடைக்குக் கொண்டு வந்தால் நானே போட்டுத் தருகிறேன்.

ஆனால் வடிகட்டிக்கு மூளை கிடையாது என்பதை மறக்காதீர்கள். 2011 விதி வந்த புதிதில் நானும் ஒரு வடிகட்டி மென்பொருள் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் மேற்கு வங்காளத்தில் இருக்கிற மால்டாவிலிருந்து வந்த ஒருவர், மனைவியை மார்பகப் புற்றுநோய்க்கு இங்கே சேர்த்திருந்தார், ஆபரேஷனுக்குப் பிறகு என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று தேட உட்கார்ந்தார். அந்த ஆங்கில வார்த்தையைத் தட்டியதும் சிவப்புத் திரை, 'அனுமதி இல்லை, ஆபாசம்' என்று. நான்கு முறை தட்டியிருக்கிறார். அப்புறம் எழுந்து வந்து, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி, இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். விஷயம் தெரிந்து நான் வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் ஆட்டோ ஸ்டாண்டு கூட்டத்தில் ஆள் காணோம். அன்றைக்கு ராத்திரியே அதைக் கழற்றிவிட்டு, மானிட்டர்களை எல்லாம் என் மேஜையைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அது போதுமானதாக இருந்தது.

என் படத்தை யாரோ போட்டுவிட்டார்கள், அல்லது போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார்கள்.

முதலில் தப்பு உங்கள் மேல் இல்லை. இதைக் கேட்க வருகிற பெண்பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான், பிறகுதான் மற்றது. பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் நிற்காது. சாட்டை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், லிங்க்கைக் குறித்து வையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். குழந்தை என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். அந்தரங்கப் படம் என்று சம்பந்தப்பட்டவரே புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லின, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் கேஸில் சென்னை உயர் நீதிமன்றம் 48 மணி நேரத்துக்குள் எல்லா இடத்திலிருந்தும் அகற்றச் சொல்லி மத்திய அரசுக்கே உத்தரவு போட்டது. இந்த மாதிரி நேரத்தில் போட்டவன் யார் என்று கண்டுபிடிக்கத் தளங்களிடமிருந்து போலீஸ் தகவல் வாங்கியே ஆக வேண்டும், வேகமாக வாங்க வேண்டும்.

அப்போ அரசாங்கம் கேட்கலாமா கூடாதா, ஒரு பக்கமாகச் சொல்லுங்கள்.

கேட்கலாம். இன்ன ஆள், இன்ன தேதி, இன்ன குற்றம் என்று எழுதி, முடிந்தால் ஒரு நீதிபதி பார்த்து. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, அதில் கை வைக்கச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான காரணம் இருக்க வேண்டும், காரணத்துக்குத் தகுந்த அளவோடு நிற்க வேண்டும் என்றார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற என்று சொல்லிவிட்டால் மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. 2005-ல் சம்மனோடு கூகுளிடம் வந்தவர்களும் குழந்தைகள் பெயரில்தான் வந்தார்கள்.

என் தேடல் வரலாற்றை அழிக்க முடியுமா?

கூகுள் கணக்கில் 'மை ஆக்டிவிட்டி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய் இதுவரை உள்ளதை அழிக்கலாம், இனிமேல் 3, 18 அல்லது 36 மாதத்தில் தானாக அழியட்டும் என்றும் வைக்கலாம். 2020-க்குப் பிறகு திறந்த புதுக் கணக்கு என்றால் 18 மாதம் என்று அதுவே வைத்துக்கொள்ளும், பழைய கணக்குக்காரர்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் கணக்கு பழையது.

உங்கள் கடை நோட்டெல்லாம் இப்போது எங்கே?

ஒரு வருஷம் முடிந்த நோட்டை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு போகிக்கும் விடியற்காலையில் பழைய பாய், கிழிந்த துடைப்பத்தோடு அதையும் வாசலில் போட்டுவிடுவேன். காலிகோ அட்டை லேசில் பிடிக்காது, பக்கம் பக்கமாகக் கிழித்துத்தான் போட வேண்டும்.